வெயில் அடிக்கிறது, ராக்கெட் ஏன் கிளம்பவில்லை?

உங்கள் கேள்வியின் சாரம் இது. அமெரிக்காவின் கேப் கனாவெரலில் நடக்கவிருந்த ராக்கெட் ஏவுதலை நேரலையில் பார்க்கக் காத்திருந்தீர்கள். திரையில் ஏவுதளம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் அறிவிப்பில் வானிலை 70 சதவீதம் சாதகம் என்று இருந்தது. ஆனாலும் கடைசி நேரத்தில் வானிலையைக் காரணம் காட்டி ஒத்திவைத்துவிட்டார்கள். அப்படியானால் அந்த 70 சதவீதத்துக்கு என்ன அர்த்தம்? பத்து நிமிடம் பொறுத்திருந்து ஏவியிருக்கக் கூடாதா? அடுத்த முறை நேரில் போய்ப் பார்க்க விரும்பினால் எதை நம்பிக் கிளம்புவது?

ஏவுதல்களையும் வானிலைப் படங்களையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே கவனித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் திரையில் பார்த்த வானமும் ராக்கெட் கடக்கவிருந்த வானமும் வேறு வேறு. மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்பது அங்கே இரண்டாம்பட்சம். மேகங்களுக்குள் எவ்வளவு மின்னேற்றம் சேர்ந்திருக்கிறது, பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்ற இரண்டுமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. தரையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் தெரியாது.

மின்னலிலிருந்து தொடங்குகிறேன். இதைப் புரிந்துகொண்டால் ஒத்திவைப்புகளில் பாதி புரிந்துவிடும். போகிற வழியில் மின்னல் வந்து தாக்கிவிடுமோ என்ற பயத்தில்தான் காத்திருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ஆபத்தும் உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, மின்னல் அடிக்காத மேகத்திலிருந்தும் ராக்கெட் தானே மின்னலை வரவழைத்துவிடும் என்பது. ஒரு மேகத்தில் மின்னேற்றம் சேர்ந்திருக்கும். ஆனால் காற்றைப் பிளந்துகொண்டு இறங்கும் அளவுக்கு வலுத்திருக்காது. அதற்குள் நீளமான ஓர் உலோக உடல் நுழைகிறது. அதன் பின்னால் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய கொதிக்கும் புகைவால் வேறு நீண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட கடத்தியாகிவிடுவதால் மின்புலம் அதன் முனையில் பலமடங்கு குவிகிறது. தானாக அடித்திருக்காத மின்னல் அந்த இடத்தில் பிறக்கிறது.

இது உலகத்துக்கே தெரியவந்தது 1969 நவம்பர் 14 அன்று. மூன்று பேரோடு நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 12 மழை மேகத்துக்குள் ஏறியது. அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் அந்த வட்டாரத்தில் இயல்பான மின்னல் அடித்ததற்கான தடயம் இல்லை. கிளம்பிய 36ஆவது வினாடியில் முதல் மின்னல், 52ஆவது வினாடியில் இரண்டாவது. கலத்துக்கு மின்சாரம் தந்த எரிபொருள் மின்கலங்கள் இணைப்பை இழந்தன. எச்சரிக்கை விளக்குகள் மொத்தமாக எரிந்தன. தரைக்கு வந்த தகவல்கள் அர்த்தமற்ற எண்களாகிவிட்டன. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளர், அதே மாதிரியான குழப்ப எண்களை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார். சமிக்ஞைகளைச் சீர்செய்யும் கருவியைத் துணை நிலைக்கு மாற்றச் சொன்னார். அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது கலத்தில் இருந்த ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. தகவல்கள் திரும்பின, பயணம் தொடர்ந்தது, ஐந்து நாள் கழித்து நிலவில் இறங்கினார்கள். கலத்தைச் சுமந்து சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டைச் செலுத்திய கணினி தனியாக, ராக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகாததால்தான் ராக்கெட் வழிதவறவில்லை. அந்தப் பதிவுகளை எப்போது கேட்டாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. மூன்று பேர் உயிரோடு திரும்பியதில் திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு நல்லூழுக்கும் உண்டு.

அந்த நல்லூழ் 1987இல் வாய்க்கவில்லை. மார்ச் 26 அன்று அட்லஸ் சென்டார் ராக்கெட் ஒன்று அமெரிக்கக் கடற்படைக்கான தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு, கேப் கனாவெரலிலிருந்து மழையோடு மழையாகக் கிளம்பியது. ஏறக்குறைய 49ஆவது வினாடியில் மின்னல் தாக்கியது. ராக்கெட்டின் உடல் அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் வழிகாட்டும் கணினியின் நினைவகத்தில் ஓர் இடத்தில் இருந்த எண் மாறிப்போனது. மாறிய எண்ணை நம்பிய கணினி ராக்கெட்டைப் பக்கவாட்டில் வெடுக்கென்று திருப்பியது. அந்த வேகத்தில் அப்படித் திரும்பினால் எந்த ராக்கெட்டும் பிழைக்காது. உடைந்து சிதறத் தொடங்கியதும் பாதுகாப்பு அதிகாரிகள் அதை அழிக்கும் கட்டளையை அனுப்பினார்கள். இன்று கேப் கனாவெரலில் நடைமுறையில் உள்ள கடுமையான மின்னல் விதிகள் இந்த விபத்துக்குப் பிறகுதான் இப்போதைய வடிவத்துக்கு வளர்ந்தன.

அந்த விதிகளைப் படித்துப் பார்த்தால் உங்கள் வெயில் புதிருக்கு விடை கிடைத்துவிடும். ராக்கெட் செல்லும் பாதைக்கு 10 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 18 கி.மீ. தொலைவுக்குள் மின்னல் அடித்தால், அதன் பிறகு 30 நிமிடம் ஏவக் கூடாது என்பது அடிப்படை விதி. மற்ற விதிகளில் பல மழையைப் பற்றிப் பேசுவதே இல்லை; மேகத்தின் குளிரைப் பற்றிப் பேசுகின்றன. திரள்மேகத்தின் உச்சி, காற்று மைனஸ் 20 டிகிரி செல்சியஸாக இருக்கும் உயரத்தைத் தாண்டியிருந்தால் அதிலிருந்து 10 கடல் மைல் விலகியிருக்க வேண்டும். மைனஸ் 10 டிகிரி உயரம் என்றால் 5 கடல் மைல். ஏன் குளிர்? மேகத்துக்குள் மின்னேற்றம் பிரிவது பனித்துகள்களும் மென்மையான சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதும்போது. அதற்கு உறைநிலைக்குக் கீழே இருக்கும் பகுதி வேண்டும். உச்சி அந்த உயரத்தைத் தொடாத குட்டி மேகத்தில் நனைந்துகொண்டு போனால்கூட ஆபத்து குறைவு. ஆனால் ஒரு சொட்டு மழையும் தராத பெரிய மேகம் வழியை மறித்துவிடும்.

உங்கள் திரையில் வெயில் தெரிந்தும் ஏவுதல் நின்றதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கக்கூடியது இடிமேகத்தின் உச்சியிலிருந்து தட்டையாகப் பரவும் பட்டடை வடிவ மேகம். இடிமழை எங்கோ தொலைவில் கொட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல்பகுதி உயரக் காற்றில் இழுபட்டு நூறு கி.மீ.க்கும் மேல் நீண்டு வரும். கீழிருந்து பார்த்தால் மெல்லிய வெண்திரை; அதன் வழியே வெயில் தாராளமாக விழும். ஆனால் தாய்மேகத்தின் மின்னேற்றத்தில் ஒரு பங்கை அது சுமந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் அதற்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறார்கள்.

இவற்றைத் தவிர, தரையிலேயே மின்புலத்தை அளக்கும் கருவிகள் கென்னடி விண்வெளி மையத்தைச் சுற்றிலும் நட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. தெளிந்த நாளில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நூறு, நூற்றைம்பது வோல்ட் என்பது இயல்பு. 1,500 வோல்ட்டைத் தாண்டினால் ஏவுதல் கூடாது. சில மேகச் சூழல்களில் 1,000 வோல்ட்டே எல்லை. வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த முள் இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

ரஷ்யர்கள் எந்த வானிலையிலும் ஏவுகிறார்களே என்று அடுத்து கேட்பீர்கள். உண்மைதான். 2011 நவம்பர் 14 அன்று கஜகஸ்தானில் உள்ள பைகோனூர் ஏவுதளத்தில் பனிப்புயலுக்கு நடுவே மூன்று பேரோடு சோயுஸ் ராக்கெட் கிளம்பியது. 2019 மே 27 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து ஏறிய சோயுஸை மின்னல் தாக்கியது. அது அசராமல் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்துவிட்டது. அந்த ராக்கெட் ஏவுகணை வம்சத்தில் பிறந்தது, உடல்வாகு உறுதியானது, பாரமும் உயரமும் வேறு. அதன் தாங்குதிறனை வைத்து மற்ற ராக்கெட்டுகளை அளக்கக் கூடாது. ஒருமுறை தப்பித்தது அடுத்த முறைக்கு உத்தரவாதமும் ஆகாது.

உயரக் காற்றுக்கு வருகிறேன். நேரலையில் வானம் துல்லியமான நீலமாக இருந்தும் ஒத்திவைத்தால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழும். ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள் அதன் மீது காற்று மோதும் அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. அதற்குக் கீழே வேகம் குறைவு, மேலே காற்றின் அடர்த்தி குறைவு. இரண்டும் கூடி மோதும் இடம் அது. பெரும்பாலான ராக்கெட்டுகளுக்கு இது ஏறக்குறைய 11 முதல் 14 கி.மீ. உயரத்தில் நிகழ்கிறது. ஆறுபோல வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டங்கள் குடியிருப்பதும் அதே உயரத்தில்தான். காற்று பலமாக வீசுவதைக்கூடச் சமாளிக்கலாம். ஒரு உயரத்தில் ஒரு திசையில் வீசிய காற்று சில நூறு மீட்டர் மேலே வேகத்தையோ திசையையோ திடீரென்று மாற்றிக்கொள்வதுதான் கொடுமை. மெல்லிய சுவர்களைக் கொண்ட நீண்ட உருளையை அது வளைக்கப் பார்க்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஏவுதளத்திலிருந்து பலூன்களை விடுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே வேலை நடக்கிறது. பலூன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏறும்; ஆகவே 15 கி.மீ. போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த அளவுகளை வைத்து அன்றைய காற்றுக்கு ஏற்ற திருப்பங்களைக் கணக்கிட்டு ராக்கெட்டின் கணினியில் ஏற்றுகிறார்கள். ராக்கெட் தன் உடலின் மேல் விழும் சுமையைக் குறைத்துக்கொண்டு காற்றுக்கு இணங்கி ஏறும். கடைசி பலூன் சொன்ன காற்றும், கணக்கில் எடுத்த காற்றும் எல்லை மீறி வேறுபட்டால் அன்றைக்கு ஏவுதல் இல்லை. பலூன் சொல்வது அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய காற்று என்பதால், காற்றை இடைவிடாமல் அளக்கும் ரேடார்களையும் துணைக்கு வைத்திருக்கிறார்கள்.

வானிலையைக் காரணம் காட்டி ஒத்திவைக்கும்போது எனக்கு ஏன் சலிப்பே வருவதில்லை என்பதற்கு 1986 ஜனவரியைத்தான் சொல்ல வேண்டும். சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை 26ஆம் தேதி ஏவத் திட்டமிட்டிருந்தார்கள். வானிலை மோசமாகும் என்ற கணிப்பால் முந்தைய இரவே கைவிட்டார்கள். ஆனால் அன்றைய பகல் நன்றாகவே அமைந்துவிட்டது. 27ஆம் தேதி முதலில் கதவில் சிக்கல், அது தீர்வதற்குள் பக்கவாட்டுக் காற்று எல்லையைத் தாண்டிவிட்டது. 28ஆம் தேதி விடிவதற்கு முந்தைய இரவு உறைபனி. ஏவுகோபுரத்தில் பனிக்கட்டிகள் தொங்கின. குளிரில் திட எரிபொருள் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகி, சூடான வாயுவை அடைக்கத் தவறலாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தார்கள். 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் முதலில் சொன்ன யோசனை. ஏவும்போது வெப்பநிலை 2 டிகிரி. 73ஆவது வினாடியில் ஓடம் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள். வளையங்களின் தோல்விதான் காரணம். ஆனால் அன்று உயரக் காற்றின் திடீர் மாற்றங்களும் வழக்கத்தை மீறிய கடுமையோடு இருந்தன என்று விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அன்று வானம் தெளிந்த நீலம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும், வெயில் அடித்தால் வானிலை நன்றாக இருக்கிறது என்று நினைக்க மாட்டார்கள்.

ஏவுதளத்தில் எல்லாம் சரியாக இருந்தும், ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் அடிக்கும் காற்று ஏவுதலை நிறுத்திவிடுவதும் உண்டு. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மங்கள்யான். 2013 அக்டோபர் 28 அன்று அதை ஏவ இஸ்ரோ முதலில் திட்டமிட்டிருந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கு தென் பசிபிக் கடலுக்கு மேலே எரியும் என்பதால், அதைக் கண்காணிக்க நாளந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களை அனுப்பியிருந்தார்கள். பசிபிக்கில் கடல் கொந்தளித்ததால் நாளந்தா உரிய நேரத்துக்கு ஃபிஜிப் பக்கம் போய்ச் சேரவில்லை. ஏவுதல் நவம்பர் 5க்குத் தள்ளிப்போனது. செவ்வாய்க்கான வாய்ப்பு நவம்பர் 19 வரை திறந்திருந்ததால் இழப்பு எதுவும் இல்லை. மனிதர்கள் போகும் ஏவுதல் என்றால் இந்தக் கவலை இன்னும் விரிகிறது. பாதி வழியில் கோளாறு வந்து கலம் கடலில் இறங்க நேர்ந்தால் அங்கே அலை எப்படி இருக்கும் என்று, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் மனிதர்களைச் சுமக்கும் டிராகன் கலத்துக்காக வட அட்லாண்டிக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களைக் கண்காணிக்கிறார்கள். 2024இல் அதே கலத்தில் நால்வர் போன போலாரிஸ் டான் என்ற தனியார் பயணம் ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனதற்குப் பெரிய காரணம், சில நாள் கழித்து அவர்கள் திரும்பி இறங்க வேண்டிய கடற்பகுதியின் வானிலை. சூரியனும் இந்தக் கணக்கில் உண்டு. 2025 நவம்பரில் எஸ்கபேட் என்ற செவ்வாய்க் கலங்களோடு காத்திருந்த நியூ கிளென் ராக்கெட், 9ஆம் தேதி மேகங்களாலும் 12ஆம் தேதி சூரியப் புயலாலும் தடைபட்டு, 13ஆம் தேதிதான் கிளம்பியது.

இனி அந்த 70 சதவீதம். கேப் கனாவெரலில் வானிலை அதிகாரிகள் ஏவுதலுக்குச் சில நாள் முன்பிருந்தே இப்படி ஒரு எண்ணை வெளியிடுகிறார்கள். ஏவும் நேரத்தில் மேகம், மின்னல், தரைக்காற்று போன்ற விதிகளில் ஒன்றுகூட மீறப்படாமல் இருக்க 70 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 70 சதவீத நேரம் வெயில் அடிக்கும் என்றோ, 30 சதவீத மழை பெய்யும் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. உயரக் காற்றும், முதல் அடுக்கு திரும்பி இறங்கும் கடலின் நிலையும் அந்த எண்ணுக்குள் வருவதில்லை. அவற்றைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தனி வரிகளில் குறித்திருப்பார்கள். செய்திகள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வரிகளை விட்டுவிடுகின்றன. அடுத்த முறை முதலில் அந்த வரிகளைப் படியுங்கள்.

எண் சொல்வது வாய்ப்பை மட்டுமே என்பதற்கு 2020 மே மாதத்தைப் பாருங்கள். நாசாவின் விண்வெளி வீரர்கள் டக் ஹர்லியும் பாப் பென்கனும் டிராகன் கலத்தில் ஏறி அமர்ந்த மே 27 அன்று கணிப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஏவ 17 நிமிடம் இருக்கும்போது, காற்றில் மின்னேற்றம் அதிகம் என்று நிறுத்தினார்கள். மே 30 அன்றும் கணிப்பு பாதிக்குப் பாதி. அன்று கிளம்பிவிட்டார்கள்.

பத்து நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா என்ற உங்கள் கேள்விக்கும் அதே மே 27தான் பதில். அன்று உண்மையிலேயே இன்னும் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் விதிகள் பச்சைக்கொடி காட்டியிருக்கும். ஆனால் அவர்கள் போக வேண்டியது சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு. அந்த நிலையம் சுற்றும் பாதை விண்வெளியில் ஏறக்குறைய அப்படியே இருக்க, பூமி அதற்குக் கீழே சுழல்கிறது. ஏவுதளம் அந்தப் பாதைக்கு நேர் கீழே வரும் கணத்தில் கிளம்பினால்தான் குறைந்த எரிபொருளில் போய்ச் சேரலாம். தவறினால் மறுநாளோ அதற்கு அடுத்த நாட்களிலோதான் வாய்ப்பு, அதுவும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 24 நிமிடம் முன்னதாக. மே 27இல் மாலை 4:33 என்று இருந்த நேரம் மே 30இல் 3:22 ஆனதற்குக் காரணம் இதுதான். வியாழனின் நிலவுகளுக்குப் போன ஜூஸ் கலத்துக்கும் ஒரே ஒரு கணம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. 2023 ஏப்ரல் 13 அன்று தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்தில் மின்னல் அபாயம் என்றதும் 24 மணி நேரம் தள்ளிவைத்து, 14ஆம் தேதி ஏவினார்கள். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை உயரமான சுற்றுப்பாதைக்கு அனுப்பும்போது பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேர இடைவெளி கிடைக்கும். அந்த நாட்களில் மேகம் விலகும்வரை காத்திருப்பதைப் பார்க்கலாம்.

ராக்கெட்டின் உடல்நிலையும் காத்திருப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஃபால்கன் 9 ராக்கெட்டில் மிகவும் குளிர்விக்கப்பட்ட ஆக்சிஜனைக் கடைசி 35 நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள். தொடங்கிய பிறகு நெடுநேரம் நிறுத்திவைத்தால் அது சூடாகிவிடும். ஆகவே வானிலை சந்தேகமான நாளில், இருக்கும் இடைவெளிக்குள் எந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை எரிபொருள் நிரப்பத் தொடங்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். நேரலையில் எரிபொருள் நிரப்புவது தொடங்கிவிட்டது என்று கேட்டால், அந்தக் குழு அந்த நிமிடத்தின் மீது நம்பிக்கை வைத்துவிட்டது என்று அர்த்தம்.

நேரில் போக விரும்பினால், ராக்கெட்டுக்கு நல்ல வானிலை உங்களுக்கு நல்ல வானிலையாக இருக்க வேண்டியதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த அடுக்குமேகமும் மூடுபனியும் மின்னேற்றம் இல்லாதவை. ராக்கெட் அவற்றைப் பொருட்படுத்தாமல் போய்விடும். 2018 மே 5 அதிகாலை கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கிலிருந்து செவ்வாய்க்குப் போன இன்சைட் கலம் அடர்ந்த மூடுபனிக்குள் கிளம்பியது. பக்கத்தில் நின்றவர்களுக்கு முழக்கம் கேட்டது, வெளிச்சம் சரியாகத் தெரியவில்லை. ஆகவே ஏவுதள வானிலையோடு நீங்கள் நிற்கப்போகும் இடத்தின் வானிலையையும் தனியாகப் பாருங்கள். ஒரு கி.மீ. உயரத்தில் மேகக்கூரை இருந்தால் சில வினாடிகளில் காட்சி முடிந்துவிடும். பத்து கி.மீ. உயரத்தில் இருக்கும் இழைமேகங்கள் காட்சியைக் கெடுப்பதில்லை, சில நேரம் கூடுதல் அழகு தருகின்றன.

கைபேசிச் செயலியில் வரும் மழைச் சதவீதத்தை நம்பிப் பயனில்லை. செயற்கைக்கோள் மேகப்படத்தை அசையும் வடிவில் ஒரு மணி நேரம் பாருங்கள். அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று வெளுத்திருப்பவை உயர்ந்த, குளிர்ந்த உச்சிகள். அவை வளர்கின்றனவா, கரைகின்றனவா, எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அதோடு அருகிலுள்ள வானிலை ரேடார் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏவுதளத்தின் அதிகாரிகள் எதைக் கண்டு கவலைப்படுகிறார்கள் என்று ஓரளவு நீங்களே ஊகிக்கலாம். பருவமும் முக்கியம். ஃபுளோரிடாவில் கோடைகாலப் பிற்பகல்களில் கடற்காற்று உள்ளே நுழைந்து இடிமேகங்களைக் கிளப்புவது அன்றாட நிகழ்ச்சி. அங்கே காலை ஏவுதல்களுக்கு வாய்ப்பு அதிகம். ஸ்ரீஹரிகோட்டாவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையோடு போராட வேண்டியிருக்கும். 2008 அக்டோபர் 22 காலை 6:22 மணிக்குச் சந்திரயான் 1 கிளம்புவதற்கு முந்தைய நாட்களெல்லாம் மழைதான். மழைக்காலம் என்பதாலேயே போகாமல் இருந்துவிடாதீர்கள். மழைக்கு நடுவே அப்படி ஓர் இடைவெளி கிடைத்துவிடுவதுண்டு.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், விடிவதற்கு முன்போ சூரியன் மறைந்த பிறகோ அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நடக்கும் ஏவுதலை விட்டுவிடாதீர்கள். நீங்கள் இருட்டில் நிற்பீர்கள். உயரே போன ராக்கெட்டின் புகை மட்டும் சூரிய ஒளிக்குள் நுழைந்து, வானத்தின் கால்பங்குக்கு விரிந்து நீலமும் வெள்ளையுமாக ஒளிரும். அதைப் போன்ற காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முழுமேகம் இருந்தால் இது மொத்தமாக இழப்பு என்பதால், இந்த ஏவுதல்களுக்காகத்தான் நான் உண்மையாகவே வானத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன். மிக அருகில் போக முடியாவிட்டாலும் வருந்த வேண்டாம். 100 கி.மீ. உயரத்தை எட்டிய ராக்கெட், தடையில்லாத அடிவானம் இருந்தால், கணக்குப்படி ஆயிரம் கி.மீ.க்கு அப்பாலும் அடிவானத்துக்கு மேலேதான் இருக்கும். இரவில் நூறு இருநூறு கி.மீ. தொலைவில் அது நன்றாகவே தெரியும். ஒலி மட்டும் தாமதித்து வரும்: 15 கி.மீ. தொலைவில் நின்றால் முக்கால் நிமிடம் கழித்து. வெளிச்சம் மேலே ஏறிய பிறகு அந்த முழக்கத்துக்காகக் காத்திருங்கள். பலர் அதற்குள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

பயணத்தை ஒரே நாளுக்குத் திட்டமிட வேண்டாம். அறிவிப்பில் மாற்று நாள் என்று ஒன்று குறிப்பிட்டிருப்பார்கள். அந்த நாளின் கணிப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் 40, மாற்று நாள் 80 என்று இருந்தால் எனக்கு அது நல்ல செய்தி. இரண்டும் 40 என்றால், தொலைவிலிருந்து வருபவர் வீட்டில் நேரலையைப் பார்ப்பதே நலம்.

ஒத்திவைப்பு அறிவிப்பு வந்ததும் காரணத்தைக் கவனமாகக் கேளுங்கள். மேகம், மின்னல் என்றால் பெரும்பாலும் மறுநாளே மறுமுயற்சி, அங்கேயே தங்கலாம். உயரக் காற்று என்றால் அந்தக் காற்றோட்டம் நகர இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். புயல் வருகிறது என்று ராக்கெட்டைக் கூடத்துக்குத் திருப்பி எடுத்துச் சென்றால் வாரக்கணக்கு. 2022 செப்டம்பரில் இயான் புயலுக்காகத் திரும்பிய ஆர்ட்டெமிஸ் 1 கடைசியில் கிளம்பியது நவம்பர் 16 அன்று. வால்வு, கசிவு, உணரி என்றால் அந்தக் குழுவே விடை தேடிக்கொண்டிருக்கிறது, ஊர் திரும்பிவிடுங்கள். விதிவிலக்குகளும் உண்டு. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யானின் முதல் சோதனைக் கலம் காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது. மழையால் 8:45க்குத் தள்ளிப்போனது, ஐந்து வினாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. அன்றைய நம்பிக்கை முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். குழு காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து 10 மணிக்கு ஏவிவிட்டது. ஆகவே ஏவுதல் ரத்து என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும்வரை, எண்ணிக்கை நின்றாலும் இடத்தைவிட்டு எழுந்துவிடாதீர்கள்.